சத்தமில்லாத காற்பந்து

கீறல் விழுந்த சிடியில் பற்பசை தேய்த்திருக்கிறீர்களா? தேய்த்திருந்தால் வாருங்கள், உட்காருங்கள். நாம் ஒரு செட்டு. முட்டியைப் பிடித்துக்கொண்டே உட்காரலாம், இங்கே யாரும் சிரிக்கப் போவதில்லை. 'பற்பசையா, எதற்கு?' என்று கேட்பவர்கள் நம் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்கள் கைப்பேசிக்குத் திரும்பிவிடலாம்.

சென்ற வாரம் என் மகனின் கணினியில் ஏதோ ஒரு விளையாட்டு திக்கித் திக்கி நின்றுபோனது. நான் பழைய போர்வீராங்கனை அல்லவா, கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கணினி தனக்கு எந்த டிரைவர் குறைகிறது என்று தானே கண்டுபிடித்து, தானே இறக்கி, தானே ஏற்றிக்கொண்டு, தூங்கி எழுந்த பூனை மாதிரி விழித்துக்கொண்டது.

"அவ்ளோதானா?" என்றேன்.

"வேற என்னம்மா?" என்றான் மகன்.

வேறு என்ன என்று அவனுக்குச் சொல்லிப் பயனில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

டிரைவர் என்பது என்ன என்று நம்மில் பாதிப் பேருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நான் புரிந்துகொண்ட அளவில் அது ஒரு கல்யாணத் தரகர். கணினி ஒரு வீடு, ஒலிபெருக்கி ஒரு வீடு. இரண்டு வீட்டாரும் நல்லவர்கள்தான். ஆனால் நடுவில் ஓடியாடிப் பேசும் அந்த ஒரு ஆள் இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தரகர்கள் ஒரு சிடிக்குள் குடியிருந்தார்கள். சிடி போனால் சம்பந்தமே போச்சு.

எங்கள் வீட்டுக்கு வந்தது கைமாறிய கணினி. அப்பா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். தூசி புகாத அறையில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண்கள் மட்டும் வெளியே. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, வீட்டிலும் அவர் கண்களால் மட்டுமே பேசினார். உடன் வேலை செய்த ஒருவர் புதுக் கணினி வாங்கியதும் பழையதை அப்பாவிடம் தள்ளிவிட்டார். அது தொழிற்சாலைப் பேருந்தில்தான் வந்தது. அப்பா மடியில் மானிட்டர். பக்கத்து இருக்கையில், ஜன்னலோரமாக, கணினிப் பெட்டி. அதற்கு இடம் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தாராம். பேருந்து எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நின்றபோது எல்லா மாடியிலும் தலைகள் முளைத்தன. கீழ்வீட்டு ஆண்ட்டி மட்டும் வாயைத் திறந்தார்.

"அம்மாடி! தியேட்டரையே தூக்கிட்டு வந்துட்டாரு போல லா!"

அம்மாவின் முகம் அந்த நொடியே மாறிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் பின்னால் எவ்வளவு புகையைக் கிளப்பப் போகிறது என்று யாருக்குத் தெரியும்.

கூடத்தில் வேறு பிளக் இல்லாததால் கணினியைச் சாமி மேடைக்குக் கீழே வைத்தார்கள். சாமி மேடை என்றால் சுவரில் அடித்த ஒரு மரப்பலகை. அதில் முருகன் படம், மாரியம்மன் படம், நடுவில் கையகல வெண்கலச் சரஸ்வதி, சுற்றி மினுக்கும் சின்ன பல்புகள். பல்புகளுக்கும் கணினிக்கும் ஒரே பிளக். மேசை மேல் மானிட்டர். பெட்டி தரையில். பெட்டிக்குப் பக்கத்தில், எப்போதும் இருக்கும் இடத்தில், தூபக்கால்.

"படிக்கிற மெஷினு. சரஸ்வதி காலடியில இருந்தா நல்லதுதானே," என்றாள் அம்மா. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எனக்குக்கூட அது மிகச் சரியாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை அந்தியில் அம்மா சாம்பிராணி போடுவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் எதுவும் இருண்டு கிடக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அதனால் கணினியையும் ஏற்றிவிட வேண்டும். அப்போது ஓர் அதிசயம் நடக்கும். நேராக மேலே போக வேண்டிய புகை பாதி வழியில் மனம் மாறி, வளைந்து, மெல்லக் கணினிப் பெட்டியின் துளைகளுக்குள் நுழையும்.

"பாத்தியா பாப்பா? சாமி உள்ள போறாரு."

பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர், எல்லாருமே பார்த்தோம். அந்தப் பெட்டிக்குள் ஒரு விசிறி காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை, தூசி புகாத அறைக்காரர் உட்பட.

எனக்கும் அண்ணனுக்கும் சாமி எதற்கு வந்தாலும் சரி, கணினி வந்தது காற்பந்துக்கு. அண்ணன் அப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம், நான் தொடக்கப்பள்ளி. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில், சோளம் விற்கும் தள்ளுவண்டிக்கு அடுத்த கடையில், அவன் ஒரு விளையாட்டு சிடி வாங்கி வந்தான். எறும்பு அளவு ஆட்டக்காரர்கள். ஒரே விசைப்பலகையில் இரண்டு பேர் ஆடலாம்: வலப்பக்கம் அவன், இடப்பக்கம் நான். உள்ளே ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் வர்ணனை சொல்வார். கூட்டம் கடல் மாதிரி இரையும். நான் பந்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும்போதும் அந்த மனிதர் மரியாதையாகவே பேசுவார்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசைக்கு அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். மோட்டார் சைக்கிள், சோற்றுப் பானை, அம்மாவின் கிரைண்டர், துளை போடும் இயந்திரம், அண்ணனின் கால்குலேட்டர், மானிட்டர், மவுஸ். எதற்கும் பொட்டு தப்பவில்லை. பூசையில் வைத்த பொருளை அன்று தொடக்கூடாது. அண்ணன் முன்யோசனைக்காரன். விளையாட்டு சிடியை முதல் நாளே கணினியின் வாய்க்குள் போட்டு மூடி ஒளித்துவிட்டான். மறுநாள் பார்த்தபோது மேடையும் புதுப்பொலிவாக இருந்தது. சரஸ்வதியின் தலைக்குப் பின்னால் அம்மா ஒரு பளபளக்கும் வட்டத்தைச் சாய்த்து வைத்திருந்தாள், நடுவில் சந்தனமும் குங்குமமுமாக. பல்பு மினுக்கும்போதெல்லாம் அதில் வானவில் ஓடியது. ஏதோ பழைய பாட்டு சிடி என்று நினைத்தேன். ஒளிவட்டம் நன்றாகத்தான் இருந்தது.

பூசை முடிந்த மறுநாளே கணினி முதல் தடவை விழுந்தது.

நான் முதன்முதலாக ஒரு கோல் போடப் போன சமயம். கூட்டத்தின் இரைச்சல் ஊசி போல ஒரே கீச்சாக நீண்டது. பிறகு திரை முழுக்க நீலம். நீலத்தில் வெள்ளை எழுத்துகள், எல்லாம் இங்கிலீஷில், எல்லாம் கோபமாக.

"நீலகண்டன் வந்துட்டாரு," என்றான் அண்ணன்.

அதன் பிறகு நீலகண்டன் அடிக்கடி வந்தார். எனக்கு மட்டும் அவர் வருவது முன்கூட்டியே தெரியும். விழுவதற்குச் சற்று முன் பெட்டியின் பின்னாலிருந்து சூடாக ஒரு காற்று வரும். வெள்ளிக்கிழமை வாசனை; ஆனால் செவ்வாய், புதன் எந்தக் கிழமையிலும் வரும். சரஸ்வதி நேரில் வருகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். உடனே விசைப்பலகையை விட்டுவிட்டுக் கைகூப்புவேன். அந்த நேரத்தில் அண்ணன் கோல் போட்டுவிடுவான். அடுத்த நொடி நீலம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்தியை வெளியே காட்டிக்கொள்ளாத குழந்தை நான்.

வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. அப்பா கட்சியின் கொள்கை: "கேம் ஆடி ஆடியே ரோசாக் ஆக்கிட்டான்." ரோசாக் என்றால் கெட்டுப்போனது, மலாயில் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கெட்டது போலிருக்கும். அம்மா கட்சியின் கொள்கை: கண்ணு. "கீழ இருக்கறவ அன்னிக்கு வாயத் தொறந்தா பாருங்க, அப்பவே நெனச்சேன்." அப்பாவின் மருந்து, விளையாடக் கூடாது என்பது. அதை நாங்கள் குடிக்கவில்லை. அம்மாவின் மருந்து, வெள்ளியோடு செவ்வாயும் சாம்பிராணி, பிறகு தினமும் சாம்பிராணி. அதைக் கணினி குடித்தது. புகை கூடக் கூட நீலகண்டன் விரைவாக வந்தார். அவர் விரைவாக வரவர அம்மா இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டாள்.

கடைசியில் அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து மாமாவை வரவழைத்தார்கள். அம்மாவின் அண்ணன். ஓர் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவர். உறவில் அந்தப் பெருமை அவருக்கு மட்டும்தான். ஃபெர்ரியில் வந்து இறங்கும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். கணினி நோய்களுக்கு அவரிடம் இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது. தலைவலிக்குத் தலையை மாற்றும் வைத்தியம். ஏற்றி முடித்ததும் கணினி எழுந்தது. எழுத்துகள் கடைப் பெயர்ப்பலகை அளவு இருந்தன. நிறங்கள் சாயம் போயிருந்தன. வழக்கமாக எழும்போது பாடும் பாட்டு இல்லை. மாமா ஒரு பட்டியலைத் திறந்தார். வரிசையாக மஞ்சள் கேள்விக்குறிகள்.

"சவுண்டுக்கு டிரைவர் இல்ல, டிஸ்ப்ளேக்கும் இல்ல. மெஷினோட ஒரு சிடி குடுத்திருப்பாங்களே, எங்க?"

"குடுத்தாரு மச்சான்," என்றார் அப்பா. "வெள்ள உறைல. இங்கதான் வெச்சேன்."

வெள்ளை உறை மேசை இழுப்பறையில் கிடைத்தது. உள்ளே சிடி இல்லை.

பிஸ்கட் டின்களைத் தேடினோம். மெத்தைக்கு அடியில் தேடினோம். அம்மா தன் புடவைகளை ஒவ்வொன்றாக உதறினாள். இல்லை. அப்பாவின் கண்கள் சுற்றிச் சுற்றி வந்து அண்ணனிடம் நின்றன.

"பசார் மாலாம்ல கேம் வாங்குனியே. எத குடுத்து வாங்குன?"

"காசு குடுத்துதான்பா வாங்குனேன்."

"அந்த சிடியக் குடுத்து இத மாத்திட்டு வந்துட்டியா?"

"இல்லப்பா! நா அத தொடவே இல்ல."

"அப்ப அது நடந்து போச்சா?"

அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவன் பேசாமல் போனதை எல்லாரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். நமக்குத் தெரியும், அந்த வயதில் நாம் குற்றம் செய்திருந்தால்தான் நிறையப் பேசுவோம். பெரியவர்களுக்கு அது எப்படியோ மறந்துபோகிறது.

மாமா காப்பியை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "நா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. தீபாவளி முடியட்டும். பையன என்கிட்ட விடுங்க. ஃபாரம் ஃபைவ் எங்க பக்கத்து ஸ்கூல்ல படிக்கட்டும். எங்க வீட்டுல டிவியே செய்தி முடிஞ்சா மூடிடுவோம்."

அப்பா யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

அப்பா பயந்தது விளையாட்டுக்கு அல்ல என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த ஆண்டு அவருடைய தொழிற்சாலையில் வரிசை வரிசையாக இயந்திரங்களை மூடிக்கொண்டிருந்தார்கள். மகன் அந்த வெள்ளை உடுப்புக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அந்த மானிட்டரை மடியில் சுமந்து வந்தார். இதை அவர் சொல்லியிருக்கலாம். கண்களால் சொன்னாரோ என்னவோ, நாங்கள் அதை முறைப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

எங்கள் மாடி வராந்தாவின் கோடியில் நின்றால் கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல் தெரியும். அதில் ஃபெர்ரி போகும். அதற்கப்பால் பட்டர்வொர்த். ஒரு பொட்டலம் கடலை தின்று தீர்வதற்குள் கடந்துவிடக்கூடிய கடல்தான். ஆனால் அன்று சாயங்காலம் அது எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அக்கரைக்கு அண்ணன் போய்விட்டால் விசைப்பலகையின் வலப்பக்கம் காலியாகிவிடும் என்பதை மட்டும் நினைத்து நான் அழவில்லை. அதையும் நினைத்து அழுதேன்.

தீபாவளி வரை இருந்த அந்தச் சில நாள்களைத்தான் நான் இன்றும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அண்ணன் விளையாட்டை மறுபடி ஏற்றினான். பழைய விளையாட்டு, மங்கிய திரையிலும் ஓடியது. ஆனால் சத்தம் இல்லை. எறும்புகள் ஊமையாக ஓடின. கோல் விழுந்தாலும் யாரும் கத்தவில்லை. நீலகண்டன் மட்டும் வழக்கம்போல் வந்து போனார்.

"இது என்னா லா, சாவு வீட்டு மேட்ச் மாதிரி," என்றான் அண்ணன். பிறகு என் காதருகே குனிந்து அவனே வர்ணனையை ஆரம்பித்தான்.

கிசுகிசுப்பாகத்தான். ஏனென்றால் அப்பா இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குவார். அறைக்குக் கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலை. அதற்கு இந்தப் பக்கம் தடை செய்யப்பட்ட காற்பந்து.

"இதோ பந்து தங்கச்சிகிட்ட... தங்கச்சி ஓடுறாங்க... எங்க ஓடுறாங்கன்னு தங்கச்சிக்கே தெரியல... ரெஃப்ரி மணியப் பாக்குறாரு, அவருக்கு ஃபெர்ரிய புடிக்கணும்... ஐயோ, தங்கச்சி டீமோட கோல்கீப்பரக் காணோமே! ரொட்டி சானாய் வாங்கப் போயிருக்காரு போல... கோல்... கோல்..."

அந்தக் 'கோல்' என்ற கத்தலைக் குரலே இல்லாமல் கத்துவான். கழுத்து நரம்பு புடைக்கும். காற்று மட்டும் வரும். கூட்டத்தின் இரைச்சலுக்கு இரண்டு கைகளையும் வாயில் குவித்து ஊதுவான். நான் சிரிப்பை அடக்க விசைப்பலகையின் மூடுதுணியை வாயில் திணித்துக்கொள்வேன். கோல்கீப்பர் அடுத்த ஆட்டத்திலும் வரவில்லை, கடையில் கூட்டமாம். அதற்கடுத்த ஆட்டத்தில் கறி தீர்ந்துவிட்டதாம், பருப்புக்குக் காத்திருக்கிறாராம். என் தோல்விகளுக்கெல்லாம் அந்த ரொட்டி சானாய்தான் காரணம்.

அப்பாவின் குறட்டைதான் எங்கள் காவல்காரன். குறட்டை நின்றால் நாங்களும் மூச்சை நிறுத்துவோம். மறுபடி தொடங்கினால் ஆட்டம் தொடரும். அந்த நாள்களில் அந்தக் குறட்டை வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காக, தாளம் தப்பாமல் வந்தது. நல்ல தூக்கம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்.

தீபாவளிக்கு முன்னால் அப்பா விளையாட்டு சிடியை அண்ணனிடமிருந்து வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாமாவைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, கணினிக்குள் இருந்த விளையாட்டையும் தன் கையாலேயே அழித்தார். அதன் பிறகு யாரும் கணினியைத் தொடவில்லை. அம்மா மட்டும் தினமும் விளக்கு வைக்கும்போது ஏற்றி, புகை காட்டி, அணைத்தாள்.

தீபாவளி வந்தது, போனது. பலகாரம் பாதி டின்னுக்கு இறங்கிய ஒரு நாள் மாமா வந்தார். அண்ணனின் பை வாசலோரம் தயாராக இருந்தது. அதில் அவன் மடித்து வைத்த சட்டைகளைவிட அம்மா திணித்த முறுக்கு அதிகம்.

"கெளம்பறதுக்கு முன்னால ஸ்கூல் மாத்தறதுக்கு லெட்டர் ஒண்ணு அடிச்சிடலாம்," என்று மாமா கணினி முன் உட்கார்ந்தார். "இப்ப பாருங்க மாப்ள. கேம் இல்லன்னா மெஷின் தங்கமா ஓடும்."

பயணம் போகிற பிள்ளைக்காக அம்மா அன்று தூபக்காலை நிறைத்துவிட்டாள். கங்கின் மேல் சாம்பிராணி விழுந்ததும் மாமா இருமினார். புகை எழுந்தது, வளைந்தது, பெட்டிக்குள் போனது. மாமா இரண்டு விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். பாதிக் கடிதத்தில் நீலம்.

"கரண்ட்டு சரியில்ல போல," என்றார் மாமா. அணைத்து ஏற்றினார். மறுபடி முதல் வரியிலிருந்து தட்டினார். நான் அவருக்குப் பின்னால், அண்ணனின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தச் சூடான காற்று என் காலில் பட்டது. வெள்ளிக்கிழமை வாசனை. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அம்மா பார்த்துவிட்டாள். "இப்ப எதுக்கு பாப்பா கும்புடற?"

"சாமி வாசன வந்துருச்சும்மா. இப்ப ஆஃப் ஆயிடும்."

ஆனது. மாமாவின் கடிதம் நீலத்தில் மறைந்தது.

அப்பா என்னைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மாமாவின் விரல்களைப் பார்த்தார். "இப்ப யாரு மச்சான் கேம் ஆடுனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா அதற்குள் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பெட்டியின் பின்புறத்தில் மூக்கை வைத்திருந்தாள். ரசம் தாளித்தது கருகியதா, கருகப் போகிறதா என்று பக்கத்து வீட்டு அடுப்புக்கே சொல்லக்கூடிய மூக்கு அது.

"இந்த வாசன எப்பவும் வருமா?"

"நின்னு போறதுக்கு முன்னால எப்பவும் வரும்."

"இது சாமி வாசன இல்லடி. கருகுன சாம்பிராணி." அவள் நிமிர்ந்தாள். "என்னங்க, அந்த ஸ்க்ரூ டிரைவர எடுங்க."

"ஏய், அதெல்லாம் தொறக்கக் கூடாது," என்றார் மாமா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே."

அம்மா மாமாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா திருகாணிகளைக் கழற்றினார். பக்கத் தகடு வந்ததும் எல்லாரும் குனிந்தோம். உள்ளே ஒரு சின்ன விசிறி இருந்திருக்க வேண்டும். அதன் இடத்தில் ஒரு குருவிக்கூடு இருந்தது. தூசியும் சாம்பலும் பிசினுமாகக் கெட்டிப்பட்டு, இறக்கைகளே தெரியவில்லை. அப்பா விரலால் நெம்பியபோது அது அப்பளம் மாதிரி ஒரே வட்டமாகக் கழன்று வந்தது. கூடம் முழுக்க ஆறு மாத வெள்ளிக்கிழமைகளின் வாசனை.

"எங்க பேக்டரில ஒரு தலமுடி உள்ள விழுந்தா மொத்த வேலையையும் நிறுத்துவாங்க," என்றார் அப்பா. குரலில் என்னவோ நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. "நீ கரண்டி கரண்டியா அள்ளி ஊட்டியிருக்க."

அம்மா தூபக்காலைத் தூக்கித் தூரமாக வைக்க வேகமாக எழுந்தாள். எழுந்த வேகத்தில் தோள் சாமி மேடையில் இடித்தது. சரஸ்வதி அசைந்தாள், விழவில்லை. அவள் தலைக்குப் பின்னால் இருந்த ஒளிவட்டம் விழுந்தது. தரையில் உருண்டு, சுழன்று, இத்தனை நாளும் சுவரைப் பார்த்திருந்த முகத்தை மேலே காட்டிப் படுத்தது.

அண்ணன் குனிந்து எடுத்தான். அதில் எழுதியிருந்ததை வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். பிறகு அப்பாவிடம் நீட்டினான்.

டிரைவர் சிடி. சரஸ்வதி பூசையன்று அதையும் உறையிலிருந்து எடுத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். படம் போட்ட பக்கத்தில் வைத்தால் படம் பாழாகிவிடும் என்று கவனமாகப் பளபளக்கும் பக்கத்தில், ஓட்டையை ஒட்டி, வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் எல்லாமே இருக்கிறது, அதுவும் ஓட்டையை ஒட்டிய இடத்தில்தான் தொடங்குகிறது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நாங்கள் மெத்தையைப் புரட்டித் தேடிய பொருள் எங்கள் தலைக்கு மேலே விளக்கு வெளிச்சத்தில் பூசை வாங்கிக்கொண்டிருந்தது.

"நாந்தான் அங்க வெச்சேன்," என்றாள் அம்மா. "ஜொலிச்சிச்சு, வெச்சேன். அதுதான் இதுன்னு எனக்கென்ன தெரியும்?" பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "சரி, பொட்டு யாரு வெச்சது?"

அப்பா தன் மோதிர விரலைப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்பதற்கான டிரைவர் எங்கள் அப்பாவிடம் கடைசி வரை ஏற்றப்படவில்லை. அவர் செய்தது இதுதான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மெல்லிய வேட்டித் துணியில் ஒரு துண்டை ஈரமாக்கிக்கொண்டார். காய்ந்த சந்தனம் கீறிவிடாமல் முதலில் ஊறவைத்து, பிறகு நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோடாக, ஒரு கோடு, இன்னொரு கோடு என்று துடைத்தார். தொழிற்சாலையில் எப்படித் துடைப்பாரோ அப்படி. அம்மா, பலகாரத்துக்கு முட்டை பூச வாங்கிவைத்திருந்த புதுப் பிரஷ்ஷால் விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவரவர் பாவத்தை அவரவர் துடைத்தார்கள்.

துடைத்து முடித்ததும் சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வானவில் முழுசாக ஓடியது.

"போட்டுப் பாரு," என்று அண்ணனிடம் கொடுத்தார்.

கணினி சிடியை வாங்கிக்கொண்டு தொண்டையைக் கனைத்தது. நீண்ட நேரம் கனைத்தது. மஞ்சள் கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எழுத்துகள் தம் அளவுக்குச் சுருங்கின, நிறங்கள் திரும்பி வந்தன. பிறகு அது அணைந்து, எழுந்து, தன் பழைய பாட்டைப் பாடியது. அந்தப் பாட்டுக்கு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

அப்பா எழுந்து போய் வாசலோரம் இருந்த பையை எடுத்தார். அது மாமாவின் கைக்குப் போகும் என்றுதான் நினைத்தேன். உள்ளே கொண்டுபோய் அண்ணனின் கட்டிலில் போட்டார். முறுக்கு டின்னை மட்டும் வெளியே எடுத்து மாமாவிடம் கொடுத்தார்.

"சரி சரி," என்றார் மாமா, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே. "ஃபாரம் சிக்ஸ் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்." அப்பா அவரை மோட்டார் சைக்கிளில் ஃபெர்ரிக்குக் கொண்டுபோய் விட்டார். நான் வராந்தாவின் கோடிக்கு ஓடினேன். துண்டுக் கடலில் ஃபெர்ரி மாமாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். எவ்வளவு சின்னக் கடல் அது! கையைக்கூட ஆட்டினேன்.

மறுநாள் மத்தியானம் விளையாட்டு சிடி மேசை மேல் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா இரவு வேலை முடித்து வந்து திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்தார். தூபக்கால் அடுப்படிக்குக் குடிபோயிருந்தது. அண்ணன் விளையாட்டை மறுபடி ஏற்றிவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்தான், நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியைக் குறைவாக வைத்தோம். கூட்டம் கடல் மாதிரி இரைந்தது. வெள்ளைக்காரர் மரியாதையாகப் பேசத் தொடங்கினார். எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் ஏதோ ஒன்று சப்பென்று இருந்தது. ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரிக்க ஒன்றும் வரவில்லை.

குறட்டை நின்றது. நாங்களும் நின்றோம்.

"டேய்," என்றார் அப்பா, உள்ளேயிருந்து.

"ப்பா."

"அந்த வெள்ளக்காரன மூடு. அவன் சொல்றது ஒண்ணும் வெளங்கல." கட்டில் கிறீச்சிட்டது, புரண்டு படுத்திருப்பார். "அந்தப் பழைய ஆளு எங்க? ரொட்டி சானாய் வாங்கப் போனானே கோல்கீப்பரு, திரும்பி வந்துட்டானா இல்லையா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மெல்லக் கையை நீட்டி, இவ்வளவு பாடுபட்டு மீட்ட அந்த ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினான்.

"இன்னும் இல்லப்பா," என்றான். "கியூவுல நிக்கிறாரு."

திரைச்சீலைக்குப் பின்னால் குறட்டை மறுபடி தொடங்கியது, மிக ஒழுங்காக, தாளம் தப்பாமல்.